சைடு பை சைடு வண்டி: பராமரிப்பும் பழுது பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருவர் அருகருகே அமர்ந்து, ஸ்டீயரிங் பிடித்து, காடு மேடு பாராமல் ஓட்டும் நான்கு சக்கர வண்டிதான் சைடு பை சைடு. யூடிவி என்றும் சொல்வார்கள். காருக்கு எப்போதாவது நேரும் சேறும் புழுதியும் தண்ணீரும் இதற்கு அன்றாடம். பல ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். "திடீரென்று நின்றுவிட்டது" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை, நிற்பதற்குப் பல நாட்கள் முன்பே ஏதோ ஒரு வகையில் அறிகுறி காட்டியவை. அந்த அறிகுறிகளை அடையாளம் காண உதவும் என்பதற்காகவே, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ் செய்ய வேண்டும்?

கிலோமீட்டரைவிட, என்ஜின் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். மீட்டரில் அது தனியாகப் பதிவாகிறது. பாறைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும் வண்டி 3 மணி நேரத்தில் 20 கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்காது. ஆனால் என்ஜின் அந்த 3 மணி நேரமும் உழைத்திருக்கும். புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 25 மணி நேரத்தில் வரும். அதன்பின் சுமார் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. எது முந்துகிறதோ அது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. புது என்ஜினின் பாகங்கள் உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் மிதக்கின்றன.

சேறு, ஆழமான தண்ணீர், அடர்ந்த புழுதி இவற்றில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் கையேட்டில் உள்ள இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கையேட்டிலேயே "கடினப் பயன்பாடு" என்ற தலைப்பில் இது இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

ஏர் ஃபில்டரை எப்போது மாற்றுவது? ஊதித் துடைத்துப் போட்டால் போதாதா?

இந்த வண்டிகளில் என்ஜினைக் கொல்வதில் முதலிடம் புழுதிக்குத்தான். நுண்ணிய மணல் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால், சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பிறகு ஆயில் குறையும், நீலப்புகை வரும், அழுத்தம் போகும். அதற்குமேல் என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். காற்றின் வேகத்தில் காகித இழைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அழுக்கேறினால் புதிதாக மாற்றிவிடுவதே சரி. ஸ்பாஞ்ச் வகை ஃபில்டரைக் கழுவலாம். நன்றாகக் காய்ந்த பிறகு அதற்குரிய ஆயிலைப் பூசித்தான் மாட்ட வேண்டும். ஆயில் இல்லாத ஸ்பாஞ்ச், புழுதியைத் தடுக்காது.

ஃபில்டரைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி. பழுப்பு நிறம் ஒட்டினால், ஃபில்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் புழுதி வேறு வழியில் உள்ளே போகிறது என்று பொருள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஃபில்டர் புத்தம் புதியது. ஆனால் குழாயை இறுக்கும் கிளாம்ப் ஒரு பக்கம் மடிந்து, நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. விரலை விட்டு எடுத்தேன். துணியில் சேறு பூசினாற்போல அப்பியிருந்தது. வெறும் 40 மணி நேரம் ஓடிய என்ஜின் அது. சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டியதாயிற்று. கிளாம்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த வண்டியை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

டிரைவ் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது. பெல்ட் தரமில்லாததா?

பெரும்பாலும் பெல்ட் மீது குற்றமில்லை. பெரும்பாலான சைடு பை சைடு வண்டிகளில் கியர் பல்சக்கரங்களுக்கு முன்னால் சிவிடி என்ற அமைப்பு இருக்கிறது. என்ஜின் தண்டில் ஒரு கிளட்ச், கியர் பெட்டித் தண்டில் இன்னொரு கிளட்ச், இரண்டையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட். என்ஜின் வேகம் கூடும்போது முதல் கிளட்சின் இரு தட்டுகளும் நெருங்கிப் பெல்ட்டை வெளிப்புறம் தள்ளுகின்றன. இரண்டாவதில் பெல்ட் உள்ளே இறங்குகிறது. இப்படித்தான் விகிதம் தானாக மாறுகிறது. (யமஹா ஒய்எக்ஸ்இசட்1000ஆர், ஹோண்டா டேலன் போன்ற சில வண்டிகளில் பெல்ட்டே கிடையாது, அவற்றுக்கு இந்த விடை பொருந்தாது.)

இந்தப் பெல்ட்டுக்கு எமன் வெப்பம். பெல்ட் தட்டுகளுக்கு நடுவே வழுக்கினால் சூடேறும். சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் ஓடினால் ஆயுள் மளமளவென்று குறையும். வழுக்கலுக்கு மிகப் பெரிய காரணம், லோ கியரில் (வேகம் குறைவு, இழுவை அதிகம்) போக வேண்டிய இடத்தில் ஹை கியரில் போவது. செங்குத்து ஏற்றம், பாறை, சேறு, பாரம் இழுப்பது, டிரெய்லரில் ஏற்றுவது, மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே வெகுநேரம் ஊர்வது இவை எல்லாவற்றுக்கும் லோ கியர்தான். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்ட பிறகு பெல்ட்டைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டவர்கள் பலர்.

புதுப் பெல்ட் போட்டால் முதல் 50 முதல் 80 கிலோமீட்டர் வரை முழு வேகம் கொடுக்காமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பழக்குங்கள். மாட்டும் முன் கிளட்ச் தட்டுகளைச் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். கிரீஸ் கை படக்கூடாது.

அறுந்த பெல்ட்டை நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் புதுப் பெல்ட்டை மாட்டுவது பாதி வேலைதான். அறுந்த பெல்ட்டின் நூல்கள் கிளட்சின் பின்புறத் தண்டில் இறுகச் சுற்றிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, கொக்கி போன்ற ஒன்றால் ஒவ்வோர் இழையாக இழுத்தெடுங்கள். விட்டுவைத்தால் அந்த நூல் ஆயில் சீலுக்குள் புகுந்து அதையும் கிழிக்கும். அல்லது உருகிப் புதுப் பெல்ட்டையும் பதம் பார்க்கும். காற்றுக் குழாய்களுக்குள்ளும் ரப்பர்த் துண்டுகள் அடைத்திருக்கும். அவற்றை எடுக்காமல் ஓட்டினால் குளிர்காற்று போகாமல் அடுத்த பெல்ட்டும் விரைவிலேயே அறும். பெல்ட்டின் மீது அச்சிட்ட அம்புக்குறியோ எழுத்தோ இருந்தால், முன்பு இருந்த திசையிலேயே மாட்டுங்கள்.

மெதுவாகப் போகும்போது வண்டி 'தட் தட்' என்று சீராக உதைக்கிறது. ஏன்?

சேற்றில் மாட்டிக்கொண்டபோது ஹை கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பீர்கள். பெல்ட் நகராமல் நிற்க, கிளட்ச் மட்டும் சுழன்று ஒரே இடத்தை எரித்துத் தேய்த்திருக்கும். அந்த ஒல்லியான பகுதி கிளட்சுக்குள் வரும்போதெல்லாம் ஓர் உதை. பெல்ட்டை மாற்றுவதே தீர்வு.

தண்ணீரைக் கடந்த பிறகு என்ஜின் சீறுகிறது, வண்டி நகரவில்லை.

சிவிடி பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்குகிறது. பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறும் திருகு அல்லது ரப்பர் மூடி இருந்தால் திறந்து வடியவிடுங்கள். நியூட்ரலில் வைத்து, என்ஜின் வேகத்தைச் சிலமுறை உயர்த்தி இறக்கினால் பெல்ட் காய்ந்துவிடும். பிறகு லோ கியரில் மெதுவாகச் சோதித்துப் பாருங்கள்.

தண்ணீருக்குள் என்ஜினே நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. சாவியைத் தொடாதீர்கள். இந்த ஒரு விடையையாவது வண்டி ஓட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் பிஸ்டனை மேலே தள்ளினால், வழிவிடுவது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடுதான். அது வளையும், அல்லது முறியும். வண்டியைக் கரைக்கு இழுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீறிட்டு வரும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் வருவது நின்ற பிறகு ஆயில் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். ஆயில் பாலைக் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். நிறம் தெளியும்வரை இரண்டு, மூன்று முறைகூட ஆகலாம். முன், பின் டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கியர் பெட்டி ஆயில்களையும் அன்றே சோதியுங்கள். சூடாக இருக்கும் பெட்டி சட்டென்று குளிரும்போது, தாழ்வாக இருக்கும் காற்றுக்குழல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வண்டி உருண்டு, திருப்பி நிமிர்த்திவிட்டோம். உடனே ஓட்டிப்போகலாமா?

முதலில் ஆட்களைப் பாருங்கள். பிறகு வண்டி. கவிழ்ந்து கிடந்தபோது என்ஜின் ஆயில் சிலிண்டருக்குள்ளும் ஏர் பெட்டிக்குள்ளும் இறங்கியிருக்கலாம். தண்ணீருக்குச் சொன்ன அதே ஆபத்து ஆயிலுக்கும் உண்டு. பிளக்கைக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும். ஆயில் அளவு, பெட்ரோல் கசிவு, பிரேக் ஆயில், ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கவிழ்ந்ததை உணரும் சென்சார் என்ஜினை நிறுத்திவிடும். சாவியை அணைத்துத் திருப்பினால்தான் மறுபடி வேலை செய்யும். பாதுகாப்புக் கூண்டின் குழாய் வளைந்திருந்தால் அதை நிமிர்த்தவோ பற்றவைக்கவோ கூடாது. அந்தக் குழாய் ஒரு முறை உங்கள் உயிரைக் காத்துவிட்டது; அடுத்த முறைக்குப் புதுக் கூண்டு வேண்டும்.

சாவியைத் திருப்பினால் 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது.

பேட்டரியில் தொடங்குங்கள். ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போய்விட்டது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி கிழடு தட்டிவிட்டது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் சார்ஜ் அமைப்பைப் பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தும் கிளிக் சத்தம்தான் என்றால், இணைப்பு முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேம்) திருகியிருக்கும் கறுப்புக் கம்பியின் மறுமுனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதிர்விலும் சேற்றிலும் முதலில் தளர்வதும் துருப்பிடிப்பதும் அந்த முனைதான்.

பவர் ஸ்டீயரிங் திடீரென்று கனமாவது, எச்சரிக்கை விளக்குகள் காரணமில்லாமல் எரிவது இவையும் பல நேரங்களில் வோல்ட் குறைவின் விளைவே. சென்சார்களை மாற்றத் தொடங்கும் முன் பேட்டரியைச் சோதியுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை.

சாவியைப் போட்டதும் இருக்கைக்கு அடியில் இரண்டு நொடி 'உர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. அது கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். கேட்கிறது என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது போதவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலை நம்பாதீர்கள்.

என்ஜின் சூடேறிக்கொண்டே போகிறது.

பத்துக்கு ஒன்பது முறை ரேடியேட்டரின் முகத்தில் சேறு. முன்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் தகடுகளின் உள்ளே களிமண் செங்கல்போல் காய்ந்திருக்கும். குறைந்த அழுத்தத்தில், மின்விசிறி இருக்கும் பின்பக்கத்திலிருந்து முன்நோக்கித் தண்ணீர் அடியுங்கள். வந்த வழியே சேறு வெளியேறும். அதிக அழுத்தப் பீச்சியை அருகில் வைத்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றே போகாமல் ஆகிவிடும்.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் மின்விசிறி சுழல்கிறதா, கூலண்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கூலண்ட் மாற்றிய உடனே சூடேறத் தொடங்கினால், உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். என்ஜின் கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வளைவில் திரும்பும்போது சக்கரத்திலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கிறது.

ஆக்சில் மூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போயிருக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் உறை இப்போதுதான் கிழிந்திருக்கிறது. சத்தம் இன்னும் தொடங்கியிராது. அந்த நிலையில் மூட்டைக் கழுவி, புதுக் கிரீஸும் உறையும் போட்டால் ஆக்சில் பிழைக்கும். சத்தம் வந்த பிறகு ஆக்சிலையே மாற்ற வேண்டியதுதான்.

சக்கரம் ஆடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியைச் சமதளத்தில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பேரிங்கிலோ, சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டிலோ இருக்கும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் தெரிவது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் ஆட்டம். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் மூட்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தால் எங்கே என்று பிடித்துவிடலாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) மறுபடி இறுக்குங்கள்.

நான்கு சக்கர இயக்கம் வேலை செய்யவில்லை.

பல வண்டிகளில் பொத்தானை அழுத்தினாலும் பின்சக்கரம் வழுக்கும்போதுதான் முன்சக்கரம் சேரும். ஆகவே சமதளத்தில் சோதித்து முடிவு செய்யாதீர்கள். முன் டிஃபரென்ஷியலுக்குப் போகும் ஒயர் இணைப்பு குச்சியில் சிக்கி அறுந்திருக்கிறதா, ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஊற்றிய ஆயிலும் முக்கியம். இந்த அமைப்புக்கு அதற்கென்றே தயாரித்த ஆயில் உண்டு. சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் சரியாகச் சேராது. முன் பின் டயர்களின் உயரம் நிறுவனம் சொன்ன விகிதத்திலிருந்து மாறினாலும் இதே கோளாறு வரும்.

பிரேக் மிதித்தால் பஞ்சுபோல் இருக்கிறது.

குழாயில் காற்று, அல்லது ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் ஆயில். 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றி, காற்றை எடுங்கள். சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு பிரேக் பேட் வியக்கத்தக்க வேகத்தில் தேயும்.

தீப்பிடிக்கும் அபாயம் உண்மையா?

உண்மை. 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் போலாரிஸ் நிறுவனம் தீ அபாயத்தின் காரணமாக சுமார் 1,33,000 ஆர்இசட்ஆர் என்ற சைடு பை சைடு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் எந்த நிறுவனத்தின் வண்டி வைத்திருந்தாலும், குறிப்பாகப் பழைய வண்டி வாங்கினால், வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காய்ந்த புல்லும் சருகும் சைலன்சரைச் சுற்றியும் அடித்தகட்டின் மேலும் மெத்தைபோல் சேரும். அடித்தகட்டைக் கழற்றி அதை அள்ளியெடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் காரணம் தெரியும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வழியில் என்னென்ன கையோடு இருக்க வேண்டும்?

மாற்றுப் பெல்ட், அதைக் கழற்றும் கருவி, டயர் பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சிறிய காற்றுப் பம்ப், ஃபியூஸ், ஒரு ஸ்பார்க் பிளக், இழுக்கும் பட்டை, டார்ச். பெல்ட் மாற்றுவதை வீட்டில் ஒரு முறை செய்து பழகிவிடுங்கள். இருட்டில் மழையில் முதல் முறையாகக் கற்றுக்கொள்ளக் கூடாது.

சில மாதங்கள் ஓட்டாமல் வைக்கப் போகிறேன்.

நன்றாகக் கழுவி, காயவைத்து, ஆயில் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலின் அமிலம் உள்ளேயே ஊறக்கூடாது. பெட்ரோல் தொட்டியை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து, அது என்ஜின்வரை போகும்படி 10 நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், அல்லது சார்ஜ் நிறைந்ததும் தானாக நின்றுவிடும் சார்ஜரில் இணையுங்கள். ஏர் குழாயின் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் சாவியைத் தேடும் முன் ஏர் பெட்டியையும் பெல்ட் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி அங்கே பஞ்சும் புல்லும் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். கூடு இருந்தால் அருகில் உள்ள ஒயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். கடிபட்ட இடம் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும்.